ஆளில்லாக் கூடம்

அந்த டேப் ரெக்கார்டரை மின்விசிறிக்கு நேர் கீழே வைக்காதீர்கள், மேடம். காற்று மைக்கில் மோதிக்கொண்டே இருக்கும். பிறகு போட்டுக் கேட்டால், பக்கத்தில் யாரோ உட்கார்ந்து முறத்தில் புடைப்பது போல ஒரு சத்தம் வரும். சுவர் ஓரமாகத் தள்ளி, கீழே ஒரு துணியை மடித்துப் போடுங்கள். இப்போது சரி. மெதுவாகப் பேசினாலும் பதியும். சத்தமாகப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை.

நேற்று நான் சொன்னவற்றை நீங்கள் எழுதிக் கொண்டுவந்த தாளை வாசித்தேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் 'மன அழுத்தம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். எனக்கு இருந்தது கோபம். கோபத்துக்கு மருந்துச்சீட்டுப் பெயர் எதற்கு?

இருபத்திரண்டு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேலை செய்தவள் நான். ரேடியோ, டேப் ரெக்கார்டர் செய்யும் கம்பெனி. நீளமான ஒரு கூடம், இரண்டு வரிசை பெஞ்சு, நாற்பத்தொரு பெண்கள். இடது பக்கத்திலிருந்து போர்டு வரும். அதில் எனக்கென்று பதினாறு இடங்கள் உண்டு. பதினாறிலும் ஈயம் வைத்துப் பற்றவைத்து வலது பக்கம் தள்ளுவேன். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு நொடிதான். கூடுதலாகச் சூடு காட்டினால் போர்டு கருகும். குறைத்துக் காட்டினால் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே பிடித்திருக்காது. அதற்குப் பொய்ப்பற்று என்று எங்கள் கூடத்தில் பெயர். என் பெஞ்சிலிருந்து பொய்ப்பற்று போனது வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. என் போர்டுகளைச் சோதிப்பதையே கடைசியில் விட்டுவிட்டார்கள்.

தம்பி என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது. அப்பா அதற்கு முன்பே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். இதைச் சொன்னதும் நீங்கள் தலையைச் சாய்த்து ஒரு மாதிரி பார்க்கிறீர்கள். வேண்டாம். தியாகம் என்றும் எழுதாதீர்கள். வீட்டில் இரண்டு பேர் இருந்தோம், ஒருத்தி வேலைக்குப் போனாள். அவ்வளவுதான்.

அவனுக்குக் காது உண்டு, கை கிடையாது. ஆணி அடித்தால் சுவர் பெயரும், ஆணி நிற்காது. ஆனால் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரைக் கேட்டுவிட்டு, அது என்ன சுரம் என்று சொல்வான். வாத்தியம் எதையும் முழுதாகக் கற்றுக்கொள்ளவில்லை. வாத்தியத்துக்கு முதலில் ஆள் பழக வேண்டும், ஆளுக்குப் பழகுகிற வாத்தியம் ஏன் இல்லை என்று கேட்பான். எங்கிருந்தோ பழைய மின்னணுப் பத்திரிகைகளை வாங்கி வந்து விரித்து வைப்பான். அதிலுள்ள படங்கள் அவனுக்குப் புரியாது. எனக்குப் புரியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட தட்டுகளை எடுத்து வைத்துவிட்டு, அதே மேசையில் வேலை தொடங்குவோம். கம்பெனி கழித்துப் போடுகிற உதிரிப் பாகங்களைக் கேட்டு வாங்கி வருவேன். முதலில் செய்தது ஒரு வரிசைப் பெட்டி. முகப்பில் திருகுகள், அவற்றுக்கு மேலே சின்னச் சின்ன விளக்குகள். ஒவ்வொரு திருகிலும் ஒரு சத்தத்தை வைத்துவிட்டால், விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும், சத்தங்கள் வரிசையாக வரும், கடைசி முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. மின்சாரம் இருக்கும்வரை அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். அவன் எட்டு விளக்கு போதும் என்றான். பதினாறு வை என்று நான் சொன்னேன். என் கை பதினாறுக்குப் பழகிய கை. நாலுக்கு ஒரு தரம் மூச்சு விடுவேன், பதினாறில் போர்டைத் தள்ளுவேன். அதைச் செய்து காட்டினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

அந்த இசைத்தட்டு முழுக்க ஓடுவது அந்தத் தாளம்தான். நீங்கள் கேட்டிருப்பீர்கள், இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். 'ஆளில்லாக் கூடம்' என்று பெயர் வைத்தான். எட்டு உருப்படி. பாடகர் இல்லை, நரம்பு இல்லை, தோல் இல்லை. காலைச் சங்கில் ஆரம்பிக்கும். கூடம் நிறையும், வேலை நடக்கும். பிறகு ஒவ்வோர் ஆளாகக் குறைந்துகொண்டே போவார்கள். கடைசி உருப்படியில் யாருமே இருக்கமாட்டார்கள், வேலை மட்டும் நடந்துகொண்டிருக்கும். நம் ஊரில் இப்படி ஒன்று இதற்கு முன் வந்ததே இல்லை என்று பத்திரிகையில் எழுதினார்கள். உழைப்பவர்களுக்காக ஓர் இயந்திரம் அழுகிறது என்று எழுதினார்கள். எழுதியவர்களில் ஒருவராவது ஈயப்புகையை மோந்திருப்பாரா என்று தெரியவில்லை.

முதல் பதிவில் என் கைச் சத்தம் இருந்தது. ஒரு விடுமுறை நாளில் அனுமதி வாங்கி, என் பெஞ்சுக்குப் பக்கத்தில் மைக் வைத்து, இரண்டு மணி நேரம் எடுத்தான். சூட்டுமுனையை ஈரப் பஞ்சில் துடைக்கும்போது வருகிற ஸ்ஸ். தாங்கியில் வைக்கும்போது வருகிற டக். இசைத்தட்டு வெளியாகி வீட்டுக்கு வந்தபோது போட்டுக் கேட்டேன். அந்த ஸ்ஸும் டக்கும் இருந்தன, ஆனால் என்னுடையவை அல்ல. பெட்டியிலேயே செய்திருந்தான். ஏன் என்று கேட்டேன்.

"உன் கை கொஞ்சம் தள்ளாடுதுக்கா. நீ செய்யறப்போ தெரியாது. பெட்டி பக்கத்துல வெச்சுக் கேட்டா தெரியுது."

பெட்டியோடு ஒப்பிட்டால் அப்படித்தான் இருக்கும். நான் கோபப்படவில்லை.

பிறகு வானொலியில் அவனைப் பேட்டி எடுத்தார்கள். எங்கள் கூடத்தில் ரேடியோ எப்போதும் பாடிக்கொண்டிருக்கும். ரேடியோ செய்கிற இடம்தானே. எல்லோரும் வேலை செய்துகொண்டே கேட்டோம். நீங்கள் முதன்முதலாகக் கையாண்ட இயந்திரம் எது என்று கேட்டார்கள். அவன் யோசிக்கவே இல்லை. "எங்க அக்கா" என்றான். "எனக்குக் கிடைச்ச முதல் இயந்திரம் எங்க அக்காதான். இன்னைக்கு வரைக்கும் ரிப்பேரே ஆனதில்ல." பேட்டி எடுத்தவர் நெகிழ்ந்துபோனார். கூடத்தில் நாற்பது பெண்களும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எதிர் பெஞ்சுக்காரி, நாங்கள் கண்ணாடி என்று கூப்பிடுவோம், அவள் கைதட்டினாள். நான் தலையை ஆட்டிவிட்டு அடுத்த போர்டை எடுத்தேன். அன்று என் பெஞ்சிலிருந்து இரண்டு பொய்ப்பற்று போயின. வேறு எந்த நாளிலும் அது நடந்திருக்கலாம். இதையெல்லாம் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். நான் செய்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

சம்பந்தம் உள்ளது இனிமேல்தான் வருகிறது. அதே பேட்டியை எங்கள் மேனேஜரும் கேட்டிருக்கிறார். பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று தம்பி அதில் விளக்கியிருந்தான். சரியான நேரத்தில், சரியான வரிசையில், ஒன்றை இயக்கி ஒன்றை நிறுத்தும். மேனேஜரின் கிடங்கில் ஓர் இயந்திரம் மூன்று வருடமாகத் துணி போர்த்திக் கிடந்தது. உருகிய ஈயத் தொட்டி ஒன்று, அதற்கு மேலே போர்டுகளைப் பிடித்து முக்கி எடுக்கும் சட்டம் ஒன்று. அதை ஆட்டிவைக்கும் பாகம் கப்பலில் வரும்போதே கெட்டுப்போயிருந்தது. மேனேஜர் எங்கள் வீட்டுக்கே வந்தார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். பெட்டியைக் கடனாகக் கொடுக்க முடியுமா, ஒரே ஒரு நாள் என்று கேட்டார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டும் என்பார்கள். இங்கே ஊர்ப்பிடாரியே டீ ஆற்றிக் கொடுத்து வரவேற்றாள்.

ஒரு நாள் மதியம் சோதித்தார்கள். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். என் விளக்குகள் வரிசையாக எரிந்தன. சட்டம் இறங்கியது, முக்கியது, எழுந்தது. நாற்பது போர்டு. ஒரு பொய்ப்பற்று இல்லை. நான் எடுத்துப் பார்த்தேன், மேடம். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தம்பியின் கண் கலங்கியிருந்தது. சட்டம் எழும்போது வருகிற முனகலை மைக்கில் எடுத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. மாதக் கடைசியோடு நாற்பத்தொரு பேருக்கும் வேலை இல்லை. புது இயந்திரத்தின் திறப்பு விழா புதன்கிழமை காலை பத்து மணிக்கு. அந்த விழாவில் தம்பியின் கச்சேரி. இரண்டும் ஒரே தாளில், ஒன்றின் கீழ் ஒன்றாக. வெட்டுகிற ஆட்டுக்கு மாலையும் போட்டு, மேளம் வாசிக்க அதன் சொந்தக்காரனையே கூட்டி வந்ததைப் போல.

அன்று எல்லோரும் போர்டுகளைத் தள்ளிக்கொண்டே இருந்தோம். கண்ணாடி மட்டும் கழிவறைக்குப் போகும் வழியில் என் தோளைத் தொட்டாள். அவளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், படுக்கையில் கிடக்கும் மாமியார். "உன் தம்பிதானே. நீ ஒரு வார்த்தை சொன்னா கேக்க மாட்டானா?" என்றாள். குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டுக்குப் போய், யார் வேலையும் போகாமல் பார்க்கச் சொல்லி அவனிடம் கேட்டேன். அவன் ஒலிநாடாவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான். தலை நிமிராமலே கேட்டான்.

"ஒரு நாளைக்கு ஆறாயிரம் தடவ ஈயம் வைக்கிறே. அது ஒரு வாழ்க்கையாக்கா? உங்களையெல்லாம் அதுலேர்ந்து விடுவிக்கத்தானே மெஷின்?"

"வாழ்க்கைன்னு நான் சொல்லல. வேலைன்னு சொல்றேன்."

"வேற வேலை வரும்."

"யாருக்கு? கண்ணாடிக்கு நாப்பத்தெட்டு வயசு."

அவன் நாடாவின் அடுத்த துண்டை ஒட்டினான். ஆளில்லாத கூடத்துக்காக உருகி உருகி ஓர் இசைத்தட்டே போட்டாயே, அது எதற்கு என்று கேட்டேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லையே என்று அவன் வருத்தப்பட்டது முகத்தில் தெரிந்தது.

"அது பாட்டு, அக்கா."

இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அது பாட்டு, அக்கா. ஆளில்லாமல் போவது பாட்டில் வந்தால் பத்திரிகைக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கூடத்தில் வந்தால் ரிப்பன் வெட்டுவார்கள். இரண்டுக்கும் அவனே போய் நிற்பான், ஒரே சட்டையில். அந்த நாற்பத்தொரு பேருக்காக யாராவது ஏதாவது செய்தாக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கையெழுத்து வாங்கலாம், வாசலில் உட்காரலாம், சங்கத்தில் சொல்லலாம். இதையெல்லாம் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் மாதக் கடைசி வந்தது.

கச்சேரியில் அவன் வாசிப்பதற்கென்று நான் இன்னொன்று செய்து கொடுத்திருந்தேன். இரண்டு பித்தளைத் தகடுகள். உள்ளங்கையை அழுத்தினால் சத்தம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். தோல் வழியாக ஓடும் மின்சாரம் எறும்பு ஊர்கிற அளவுகூட இருக்காது. சுவரிலிருந்து வருகிற மின்சாரம் தகட்டை எந்த வழியிலும் எட்டாதபடி பார்த்துப் பார்த்துச் செய்திருந்தேன். அவன் உப்புத் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டுதான் தகட்டைத் தொடுவான், சத்தம் நன்றாக வளையும் என்று. கச்சேரிக்கு முன்னால் தொடவே மாட்டான். அது அவனுடைய ராசி.

கச்சேரிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவன் நண்பர்களைப் பார்க்கப் போயிருந்தான். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, தகட்டுப் பெட்டியின் பின்மூடியைத் திறந்தேன். ஒரு கம்பியை ஓரிடத்திலிருந்து எடுத்து, இன்னோர் இடத்தோடு சேர்த்தேன். எது, எங்கே என்பதை உங்கள் தடயவியல் நிபுணர் சரியாகவே எழுதியிருக்கிறார். தேர்ந்த கை என்றும் எழுதியிருக்கிறார். அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். இருபத்திரண்டு வருடத்தில் யாரும் எனக்கு அதை எழுதிக் கொடுத்ததில்லை.

புதன்கிழமை காலை கூடத்தில் பெஞ்சுகளை ஓரமாக ஒதுக்கி நாற்காலி போட்டிருந்தார்கள். முன் வரிசையில் வெளியிலிருந்து வந்தவர்கள். பின் வரிசைகளில் நாங்கள். மாதக் கடைசிக்கு இன்னும் எட்டு நாள் இருந்ததால் எல்லோரும் சீருடையில் இருந்தோம். இணைப்புகளை நான்தான் கொடுத்தேன், எப்போதும் நான்தான் கொடுப்பேன். மேனேஜர் பேசினார். நம் குடும்பம் என்று ஐந்து தடவை சொன்னார். கண்ணாடி என் பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

ஏழு உருப்படிகள் பெட்டியிலேயே நடந்தன. தம்பி திருகுகளை மட்டும் திருப்பிக்கொண்டிருந்தான். நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே இருந்தது. எட்டாவதற்குத் தகட்டுப் பெட்டியின் சுவிட்சை நான் போட்டேன். அவன் கிண்ணத்தில் கையை நனைத்து, துடைக்காமல், இரண்டு உள்ளங்கையையும் தகட்டில் வைத்தான்.

அவன் சத்தம் போடவில்லை. உடம்பு முன்பக்கமாக வளைந்தது. வணக்கம் சொல்வதைப் போல இருந்தது. முன் வரிசையில் அப்படித்தான் நினைத்தார்கள். மேனேஜர்தான் முதலில் கைதட்டினார், பிறகு மற்றவர்கள். பெட்டி நிற்கவில்லை. அது ஏன் நிற்க வேண்டும்? விளக்குகள் ஒன்றிலிருந்து பதினாறு வரை எரிந்தன, மறுபடி ஒன்றிலிருந்து. அவன் தகட்டின் மேல் கவிழ்ந்து கிடந்தான், உருப்படி தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. ஒன்பது சுற்று வந்தது. எண்ணினேன். கண்ணாடிதான் எழுந்து நின்று, "அத யாராவது நிறுத்துங்களேன்" என்றாள். நான் போய் நிறுத்தினேன்.

இயந்திரத்தை அன்று யாரும் திறக்கவில்லை. இன்னும் துணி போர்த்தித்தான் இருக்கிறதாம். கூடத்தில் வேலை நடக்கிறது என்று கேள்விப்பட்டேன். என் பெஞ்சில் புதிதாக ஒருத்தியை உட்கார வைத்திருக்கிறார்கள். நாற்பத்தொரு பேரும் இருக்கிறார்கள். ஒருத்தியாவது என்னைப் பார்க்க வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. பயமாக இருக்கும். பரவாயில்லை, நன்றியை எதிர்பார்த்துச் செய்ததல்ல.

நேற்று அவன் சட்டைப் பையில் இருந்த கடிதத்தை நீங்கள் எனக்குக் காட்டினீர்கள். மேனேஜரின் கையெழுத்து, செவ்வாய்க்கிழமைத் தேதி. நாற்பத்தொரு பேரில் ஒருவரையும் அனுப்பப்போவதில்லை, அதற்குச் சம்மதித்தால்தான் பெட்டியைத் தருவேன் என்று தம்பி சொன்னதை ஏற்கிறோம் என்று எழுதியிருந்தது. கச்சேரி முடிந்ததும் அதை அவன் மேடையில் வாசிப்பதாக இருந்தானாம். நான் அழுதேன். நீங்கள் தண்ணீர் கொடுத்தீர்கள். "தெரியாமப் போச்சேம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். நீங்கள் நல்லவர். அதனால்தான் இன்று காலை மறுபடி பேச வேண்டும் என்று கேட்டேன். தாளில் தவறாக ஒன்று இருக்கக்கூடாது.

எனக்குத் தெரியும், மேடம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவன் நேரே என்னிடம்தான் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சாப்பாட்டு மேசை பக்கத்தில் நின்று முழுக் கடிதத்தையும் வாசித்தான். "நீ கேட்டத வாங்கிட்டேன்க்கா. இப்ப சந்தோஷமா?" என்றான். சந்தோஷம் என்றேன். கேட்டது கிடைத்தால் கோபம் போய்விட வேண்டும். சற்று நேரம் காத்திருந்து பார்த்தேன். அது இருந்த இடத்திலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கம்பியை நான் வெறுமனே முறுக்கித்தான் வைத்திருந்தேன், ஓர் இழுப்பில் கையோடு வந்துவிடும். அவன் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு குளிக்கப் போன பிறகுதான் ஈயம் வைத்தேன்.